கடலோரச் சாலை உடைந்தால் எந்தப் பக்கம் உடைந்தது என்று பாருங்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

புயல் கடந்த மறுநாள் காலையில் கடலோரச் சாலைக்கு முதலில் வந்து சேர்வது ஜேசிபிதான். ஆம்புலன்ஸ் போக வேண்டும், மின்கம்பம் ஏற்றிய லாரி போக வேண்டும், ஊருக்குள் பால் வர வேண்டும். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்த வண்டி ஒரு மணி நேரம் ஓடிவிட்டால், சாலை ஏன் உடைந்தது என்பதற்கான தடயம் எல்லாம் சமமாகிவிடும். பிறகு எஸ்டிமேட்டில் "கடல் சீற்றத்தால் சேதம்" என்று ஒரு வரி எழுதுவோம். போன வருடம் கொட்டிய அதே கல்லை, அதே இடத்தில், இன்னும் நான்கு லோடு கூட்டிக் கொட்டுவோம். அடுத்த வாடையில் அதுவும் போகும்.

கடல் அடித்ததால் சாலை போனது என்பது பாதி உண்மைதான். பல இடங்களில் தண்ணீர் ஏறும்போது சாலை தாங்கிவிடுகிறது. அது வெளியேறும் வழியில்தான் உடைகிறது. ஆகவே ஒவ்வொரு சேதத்திலும் முதல் கேள்வி, தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியேறியது என்பதே. சென்னையிலிருந்து குமரி மாவட்டத்தின் கேரள எல்லையில் உள்ள நீரோடி வரை கடலை ஒட்டிய சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பொறியாளர்கள், சாலை ஆய்வாளர்கள், ஊராட்சிக்காரர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 1990 முதல் 2018 வரை கரை எப்படி மாறியது என்று தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கிட்டபோது, தமிழ்நாட்டுக் கரையில் ஏறக்குறைய 43 சதவீதம் அரிப்பில் இருந்தது. அதனால் இது ஏதோ இரண்டு மூன்று ஊர்களின் பிரச்சினை இல்லை.

மண்ணைத் தள்ளுவதற்கு முன்: முதல் அரை மணி நேரம்

உடைப்பின் இரு முனைகளிலும் நின்று, கடல் பக்கமும் ஊர்ப் பக்கமும் தெரியும்படி படம் எடுங்கள். பக்கத்தில் அளவுக்கோலோ கடப்பாரையோ இருக்கட்டும். இல்லாவிட்டால் பள்ளத்தின் ஆழம் படத்தில் தெரியாது.

அடுத்து குப்பைக்கோட்டைத் தேடுங்கள். தண்ணீர் எட்டிய உச்ச மட்டத்தில் தெர்மாகோல், சவுக்கு ஊசி, மீன்வலைத் துண்டு எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். வீட்டுச் சுவர், கோயில் மதில், மின்கம்பம் எதில் தெரிந்தாலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். லெவல் எடுப்பதைப் பிறகு செய்துகொள்ளலாம். ஆனால் கோடு இரண்டு மழைக்குத் தாங்காது. பின்னால் சாலை மட்டத்தைப் பற்றி யாராவது வாதிட்டால், கையில் இருக்கும் உறுதியான ஆதாரம் அது ஒன்றுதான்.

கம்பங்களுக்குப் பின்னால் மணல் வால் போல நீண்டு படிந்திருக்கும். வால் ஊர் நோக்கி இருந்தால் கடைசியாகத் தண்ணீர் ஊருக்குள் ஓடியிருக்கிறது. கடல் நோக்கி இருந்தால் வடிந்தபோது வெட்டியிருக்கிறது. புல் சாய்ந்த திசையும் வேலி விழுந்த திசையும் இதையே சொல்லும். பிறகு, இரவு முழுக்கப் படகைக் காவல் காத்த மீனவர்களிடம் கேளுங்கள். "தண்ணி எப்போ ஏறுச்சு" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். "ரோடு எப்போ போச்சு" என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையில் பல மணி நேரம் இருக்கலாம். காரணம் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

அறிகுறி: ஊர்ப்பக்க விளிம்பு பெயர்ந்து கிடக்கிறது; கடல் பக்கம் ஏறக்குறைய நன்றாக இருக்கிறது

இதைப் பார்த்ததும் பலரும் குழம்புவார்கள். கடல் கிழக்கே இருக்கிறது, சாலை மேற்கே உடைந்திருக்கிறதே என்பார்கள். ஆனால் இதுதான் மிகச் சாதாரணமாக நடப்பது.

கடல் மட்டம் உயர்ந்து சாலையைத் தாண்டும்போது, சாலை ஒரு கலிங்கு ஆகிவிடுகிறது. ஏரி நிரம்பி வழியும்போது கலிங்கின் மேல்பகுதியை விட, தண்ணீர் விழும் இடம்தானே குழியாகும்? இங்கேயும் அதே கணக்கு. தார்மேல் மெல்லிய படலமாக ஓடும் தண்ணீர் ஊர்ப்பக்கச் சரிவில் இறங்கும்போது வேகம் பிடிக்கிறது. பெர்ம் மண்ணை, அதாவது தாரை ஒட்டிய சாலையோர மண்ணை அரிக்கிறது, பிறகு தாருக்குக் கீழே இருக்கும் ஜல்லியை உருவுகிறது. அடி காலியான தார் பலகை பலகையாகக் கழன்று ஊர்ப்பக்கம் கிடக்கும். குழி சாலையின் நடுக்கோட்டை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்து, கடைசியில் சாலையையே அறுக்கிறது.

உறுதி செய்துகொள்ள, பெயர்ந்த தார்த்துண்டு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பாருங்கள். ஊர்ப்பக்கப் பள்ளத்தில், சாலையிலிருந்து சற்றுத் தள்ளிக் குழி ஆழமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்தச் சேதத்துக்குக் கடல் பக்கம் கல் கொட்டுவது வீண் செலவு. செய்ய வேண்டியது ஊர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. சரிவை நன்றாகப் படுக்க வையுங்கள். இடம் இருந்தால் ஒன்றுக்கு நான்கு, அதாவது ஓரடி உயரத்துக்கு நான்கடி அகலம். சரிவின்மேல், தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்து வைக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்துக் கல் பதியுங்கள். அடியில் கல்லைப் புதைத்து ஒரு பூட்டு கொடுங்கள். இடம் குறுகலாக இருந்தால் தார் விளிம்பை ஒட்டிக் கான்கிரீட் தடுப்புச் சுவர் ஒன்றை மண்ணுக்குள் இறக்குங்கள். குழி பின்வாங்கி வந்தாலும் அந்தச் சுவரோடு நின்றுவிடும்.

இங்கே உறுதியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இத்தகைய உடைப்புக்குப் பிறகு "ரோட்டை இரண்டடி உயர்த்துங்கள்" என்று ஊரே கேட்கும். புயல் வெள்ளம் ஒருபோதும் எட்டாத மட்டத்துக்கு உயர்த்த முடிந்தால் சரி. அரைகுறையாக உயர்த்தினால் தண்ணீர் எப்படியும் தாண்டத்தான் போகிறது. ஆனால் விழும் உயரம் கூடிவிட்டது. தரையோடு தரையாக இருக்கும் சாலை சீக்கிரம் மூழ்குகிறது, இரு பக்கமும் தண்ணீர் மட்டம் சமமாகிவிடுகிறது, விழுவதற்கு உயரமே இல்லை. அப்படிப்பட்ட சாலை பெரும்பாலும் மணல் மூடிக் கிடக்கும். மணலை எடுத்தால் அடியில் முழுதாக இருக்கும். கடல் பக்கம் கட்டும் கைப்பிடிச் சுவரும் இதே தொல்லையைத் தரும். சுவர் விழாதவரை தண்ணீரைத் தேக்கி வைக்கும். விழுந்த இடத்தில் மொத்தமாகக் கொட்டும்.

அறிகுறி: கடல் பக்க விளிம்பு போய்விட்டது, அதற்கு முன்னால் இருக்கும் கல்தடுப்பு அசையவில்லை

அலை வந்து வெட்டியிருந்தால் முதலில் கல்தடுப்புதான் கலைந்திருக்க வேண்டும். அது நிற்கிறது, பின்னால் சாலை இல்லை என்றால், தண்ணீர் ஊருக்குள்ளிருந்து கடலுக்கு ஓடியிருக்கிறது.

நம் கடற்கரையில் இது அதிகம். நமக்குப் புயல் என்றாலே வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துதான் வருகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஏறக்குறைய ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஏரிகள், கழிவெளிகள், உப்பளங்கள் எல்லாம் நிரம்பிக் கடல் நோக்கித் திரும்பும்போது, வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் கடலோரச் சாலைதான் குறுக்கே அணை. புயல் கடந்து கடல் மட்டம் இறங்கியதும் இரு பக்கத்துக்கும் மட்ட வித்தியாசம் கூடுகிறது. சாலையில் தாழ்ந்த இடம் எதுவோ அங்கே பிய்த்துக்கொண்டு போகிறது.

உடைந்த இடத்தை மட்டும் மூடினால் அடுத்த முறை பக்கத்தில் உடையும். பழைய வருவாய் வரைபடத்தில் அங்கே ஓடை இருந்ததா என்று பாருங்கள். பல உடைப்புகள், சாலை போட்டபோது மூடப்பட்ட ஓடைமேல்தான் இருக்கும். அங்கே சிறுபாலம் கொடுங்கள். அதற்குப் பணம் வரும் வரை, ஐம்பது அறுபது மீட்டர் நீளத்தைத் தாழ்த்தி, இரு பக்கச் சரிவையும் கான்கிரீட்டால் மூடித் தரைப்பாலமாக ஆக்கிவிடுங்கள். தண்ணீர் கடப்பதற்கு ஓர் இடத்தை நாமே ஒதுக்கிக் கொடுத்தால் மற்ற இடங்கள் பிழைக்கும்.

அறிகுறி: கல்தடுப்பு சரிந்து, கல் கடலுக்குள் உருண்டு கிடக்கிறது

மூன்று காரணங்கள் இருக்கலாம். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றிய நேரத்தில் போய்ப் பாருங்கள். மற்ற நேரத்தில் அடிப்பகுதி தெரியாது.

முதலாவது, அடிக்கால். தடுப்பின் மேல்பகுதி கீழே இறங்கி, நடுப்பகுதி வயிறு தள்ளி நின்றால், அடியில் மணல் போய்விட்டது என்று பொருள். கல்லில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்தில் மணலைத் தோண்டும். அந்த இடத்தில் எழும் அலையின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு ஆழம் வரை தோண்டலாம் என்பதே நடைமுறைக் கணக்கு. ஒன்றரை மீட்டர் அலைக்கு அரை மீட்டர் அடிக்கால் போதாது என்று இதிலிருந்தே தெரியும். ஆழமாகப் புதைக்க முடியாவிட்டால், அடிவாரத்தில் கல்லை அகலமாகப் பரப்பி விடுங்கள். மணல் இறங்கும்போது அந்தக் கல்லும் கூடவே இறங்கிப் பள்ளத்தை மூடிக்கொள்ளும். அதற்கென்றே வைத்த கல் அது. இறங்கிவிட்டதே என்று பதற வேண்டாம். ஆனால் இறங்கிய அளவுக்கு மேலே நிரப்பி வைக்க வேண்டும்.

இரண்டாவது, கல்லின் எடை. தேவையான எடை அலை உயரத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அலை இரண்டு மடங்கானால் கல் எட்டு மடங்கு. அலைக்கு ஏற்ற கல் எடையைக் கணக்கிடும் ஹட்சன் சூத்திரப்படி, ஒன்றுக்கு இரண்டு சரிவில், நம் கருங்கல்லுக்கு, கரையில் உடையும் 1 மீட்டர் அலைக்கு சுமார் 170 கிலோ கல் போதும், 1.5 மீட்டருக்கு சுமார் 560 கிலோ. 2 மீட்டருக்கு 1,300 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் அலை உயரம் தண்ணீர் ஆழத்தில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும். ஆகவே தடுப்பின் முன்னால் கரை ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டால், பத்து வருடம் முன்பு போட்ட கணக்கு இன்று செல்லாது. கல் அதேதான். அடிக்கும் அலைதான் பெரியதாகிவிட்டது. பழைய எஸ்டிமேட்டை நகல் எடுத்துத் தேதி மாற்றும் பழக்கம் இங்கேதான் அடிவாங்குகிறது.

மூன்றாவது, கொட்டிய விதம். டிப்பரைப் பின்னால் எடுத்து அப்படியே கவிழ்த்தால், சின்னக் கல் ஓரிடத்திலும் பெரிய கல் ஓரிடத்திலும் சேரும். சரிவும் கல் தானாக நிற்கும் சரிவாகத்தான் இருக்கும், அதாவது மிகச் செங்குத்து. ஹிட்டாச்சியை வைத்து ஒவ்வொரு கல்லும் மூன்று கல்லைத் தொடும்படி அடுக்க வேண்டும். பெரிய கல் குறைந்தது இரண்டு அடுக்கு. லோடு கணக்கில் பணம் கொடுக்கும்வரை அடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். அளவுப் புத்தகத்தில் குறுக்குவெட்டை எழுதி, அதற்குத்தான் பில் என்று சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: கல்தடுப்பு நன்றாக இருக்கிறது, சாலை மட்டும் உள்வாங்குகிறது

தார் அழகாக இருக்கும். ஒருநாள் லாரிச் சக்கரம் இறங்கும். பார்த்தால் உள்ளே ஆள் உட்காரும் அளவு குகை. இதுதான் மிக ஆபத்தானது, உயிருக்கே ஆபத்து.

காரணம், கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டி இல்லாதது. ஒவ்வொரு அலையும் கல் இடுக்கு வழியாக உள்ளே போய், திரும்பும்போது ஒரு பிடி மணலை எடுத்துப் போகிறது. சோதிப்பது சுலபம். கடல் வற்றும் நேரத்தில் கல் இடுக்கிலிருந்து வழியும் தண்ணீரைக் கையில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. மணல் கலந்து வந்தால் சாலை கரைந்துகொண்டிருக்கிறது. தார்மேல் சம்மட்டியால் தட்டிக்கொண்டே போனால் வெற்றிடம் உள்ள இடத்தில் சத்தம் மாறும். அந்த எல்லையைச் சுண்ணாம்பால் குறித்து, முதலில் தடுப்புக் கட்டுங்கள், ஆராய்ச்சி பிறகு.

குழியில் தார்க்கலவை போட்டு ரோலர் விடுவது பொறி வைப்பதற்குச் சமம். அந்த இடத்தில் கல்லைப் பிரிக்கத்தான் வேண்டும். மணலின்மேல் ஜியோ டெக்ஸ்டைல், அதன்மேல் சிறிய ஜல்லி ஓர் அடுக்கு, அதன்மேல் நடுத்தரக் கல், கடைசியாகப் பெரிய கல். துணியின் துளை மணலின் பெரிய பருக்கையை விடச் சிறியதாக இருக்க வேண்டும். துணி கிடைக்காவிட்டால் கல்லாலேயே வடிகட்டி அமைக்கலாம். மேல் அடுக்கின் சிறு கற்கள் கீழ் அடுக்கின் பெரும் பருக்கையைப் போல ஐந்து மடங்கைத் தாண்டக்கூடாது. அரை மில்லிமீட்டர் மணலிலிருந்து அரை டன் கல்லுக்கு இந்தக் கணக்கில் ஏறிப் போனால் எத்தனை அடுக்கு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். துணியின் அருமை புரியும். துணிமேல் பெரிய கல்லை உயரத்திலிருந்து போட்டுக் கிழித்துவிடாதீர்கள். மேல் விளிம்பை மண்ணுக்குள் மடித்துப் புதையுங்கள்.

அறிகுறி: தடுப்பு முடியும் இடத்தில், அல்லது தூண்டில் வளைவுக்கு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்) அப்பால், புதிதாக அரிக்கிறது

இதற்கான மருந்து சாலையில் இல்லை. நம் கிழக்குக் கரையில் வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வாடைக் காலத்தில் சில மாதம் திரும்பினாலும், மொத்தம் வடக்குதான். வழியில் எது மறித்தாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே குறையும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரை கரைந்தது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபின் நகரத்தின் மணற்கரை போனது. அங்கே கல் போடப் போட, அரிப்பு வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு எல்லைக் குப்பங்களுக்கு வந்தது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இந்தத் திசையைக் கண்மூடி நம்ப வேண்டாம். பக்கத்தில் இருக்கும் தூண்டில் வளைவைப் பாருங்கள். எந்தப் பக்கம் மணல் ஒதுங்கியிருக்கிறதோ, அங்கிருந்துதான் மணல் வருகிறது. எதிர்ப்பக்கச் சாலைதான் அடுத்து அடிவாங்கும்.

செய்யக்கூடியவை சில. தடுப்பைச் சட்டென்று முடிக்காமல், உயரத்தைக் குறைத்துக்கொண்டே போய் ஊர்ப்பக்கமாக உள்ளே வளைத்து முடியுங்கள். அருகில் முகத்துவாரமோ மீன்பிடித் துறைமுகமோ தூர்வாரினால், அந்த மணலை அரிக்கும் பக்கத்தில் கொட்டச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள். அந்த மணல் உங்கள் சாலையின் முன்னால் இருக்க வேண்டியது. புதிய கல்தடுப்பு என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அனுமதி வாங்க வேண்டும். அவசரம் என்ற பெயரில் அதைத் தாண்டினால், அடுத்த குப்பத்துக் கரைதான் விலை கொடுக்கும்.

அறிகுறி: மழை இல்லை, புயல் இல்லை, அமாவாசை, பௌர்ணமிக்குச் சாலையில் தண்ணீர் நிற்கிறது

முதலில் அது கடல்நீர்தானா என்று பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டரை விட்டால் எண் காட்டாமல் அளவு மீறியது என்று சொல்லும். பெரும்பாலான சின்ன மீட்டர்கள் கடல்நீரின் உப்பைக் காட்டும் அளவுக்குப் போகாது. அதுவே விடை. இன்னொரு சோதனை நேரம். தண்ணீர் இன்று வந்த நேரத்தை விட நாளை சுமார் 50 நிமிடம் தாமதமாக வந்தால் அது ஓதம்தான், அதாவது கடல் ஏற்றம். ஒரே நேரத்தில் வந்தால், யாரோ எங்கோ மோட்டார் போடுகிறார்கள்.

சென்னையில் பெரிய ஓதத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். அந்த ஒரு மீட்டர் நேராகச் சாலைக்கு ஏறிவருவது அரிது. மழைநீர் வடிகாலின் வாய் வழியாகவோ, முகத்துவாரத்தை ஒட்டிய சிறுபாலம் வழியாகவோ பின்னோக்கி நுழைகிறது. வடிகாலின் அடிமட்டத்தை லெவல் எடுத்து, இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அட்டவணை உயரத்தை அளக்கத் தொடங்கும் சுழி மட்டமும், நீங்கள் லெவல் எடுக்கும் பெஞ்ச் மார்க்கின் அடிப்படை மட்டமும் வெவ்வேறு; அதைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் விடை தப்பும்.

மருந்து, வடிகால் வாயில் ஒருவழிக் கதவு. கடல் தள்ளினால் மூடும், மழைநீர் தள்ளினால் திறக்கும். ஆனால் கதவை மாட்டிவிட்டு மறந்தால் அது நோயை விட மோசம். கீழே மணல் ஏறித் திறக்காமல் போகும். பிளாஸ்டிக் சிக்கி மூடாமல் போகும். ஐப்பசி மழையில் கதவு திறக்கவில்லை என்றால் ஊர் மூழ்கும். பொறுப்பாளர் பெயரை எழுதி வைக்காத இடத்தில் கதவே போடாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

சித்திரை, வைகாசியில் காற்றும் இல்லாமல், திதியும் இல்லாமல், திடீரென்று அலை சாலைக்கு ஏறினால் அது வேறு. குமரி மீனவர்களும் கேரளத்தாரும் கள்ளக்கடல் என்று சொல்வது. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த புயல்களின் அலை, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நீண்ட இடைவெளியோடு நம் கரைக்கு வருகிறது. உயரம் பெரிதாகத் தெரியாது. ஆனால் கரையில் வெகு தூரம் ஏறும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அன்று செய்ய வேண்டியது சாலையை மூடுவதுதான். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் இந்த எச்சரிக்கை இருந்த நேரத்தில் மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். தடுப்புக் கம்பும் ஆளும் இல்லாத எச்சரிக்கை யாரையும் காப்பாற்றாது.

அறிகுறி: சாலைமேல் மணல்

கிளிஞ்சல், கல், குப்பை கலந்து தடிமனாக இருந்தால் அலை கொண்டுவந்தது. மெல்லிய, காய்ந்த, வரிவரியான மணல் என்றால் காற்று கொண்டுவந்தது. எதுவானாலும் அதை டிப்பரில் ஏற்றி ஊருக்குள் அனுப்பாதீர்கள். சல்லடையில் குப்பையை எடுத்துவிட்டுக் கடல் பக்கமே மேடாகப் போடுங்கள். சாலைக்கு அதைவிட மலிவான காவல் கிடையாது. தனுஷ்கோடிச் சாலையில் தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்து மணல் ஏறுவது வழக்கமான வேலை. அங்கே மணலை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதே பராமரிப்பில் பாதி.

மேட்டின்மேல் அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் பரவ விடுங்கள். கடலுக்கு நெருக்கமாகச் சவுக்கு வைக்கும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. சவுக்கு காற்றைத் தடுக்கும். ஆனால் அதன் ஊசி உதிர்ந்து மூடிய இடத்தில் கொடி வளராது, மணல் வெட்டும்போது மரமும் வேரோடு சாயும். சவுக்கு பின் வரிசையில் இருக்கட்டும்.

அறிகுறி: தண்ணீர் தாண்டவே இல்லை, ஆனாலும் தார் கொப்பளிக்கிறது, உரிகிறது

கொப்புளத்தை உடைத்துப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பொடி இருந்தால் உப்பு. மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி என உப்பளம் சூழ்ந்த சாலைகளில் நிலத்தடி உப்புநீர் மேலேறி, தாருக்கு அடியில் படிகமாகி, மெல்லிய தார்ப்பூச்சைத் தூக்கிவிடுகிறது. பல நேரம் உப்பு கீழிருந்து வரவில்லை, நாமே ஊற்றியது. ஜல்லியை இறுக்க டேங்கரில் எந்தத் தண்ணீர் வந்தது என்று விசாரியுங்கள். மறுபடி போடும்போது நல்ல தண்ணீர், நல்ல கிராவல், ஜல்லி இறுகியதும் தாமதிக்காமல் பிரைமர், மேலே தடிமனான தார் அடுக்கு.

உப்பு இல்லாமல், முதலைத் தோல் போல வெடிப்பு மட்டும் இருந்தால் அடித்தளம் நனைந்திருக்கிறது. பெர்மில் ஒரு குழி தோண்டி, ஓதத்திலும் வற்றத்திலும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஜல்லி அடுக்கின் ஓரம் மண்ணால் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். மூழ்கி எழுந்த எந்தச் சாலையிலும் சில நாட்களுக்குக் கனரக வாகனத்தை விடாதீர்கள். மேலே காய்ந்ததும் சாலை நன்றாகத் தெரியும்; உள்ளே இன்னும் சேறு. வெள்ளம் தப்ப விட்ட சாலையை நிவாரண லாரிகள் முடித்துவிடும்.

அறிகுறி: சிறுபாலத்தில் துருக்கறை, கான்கிரீட் பெயர்கிறது

கறை தெரியும் இடத்தில் மட்டும் பூசிவிட்டால், ஒட்டுக்குச் சுற்றிலும் துரு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். சுத்தியால் தட்டி, சத்தம் மாறும் எல்லை வரை உடைத்து, கம்பிக்குப் பின்னாலும் விரல் போகும்படி எடுக்க வேண்டும். கம்பி பளிச்சென்று வரும்வரை தேய்த்து, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, பிறகுதான் பூச்சு. புதிதாகக் கட்டினால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வது இது: கடல் தெளிப்பு படும் இடத்தில் கம்பிமேல் 50 மி.மீ. கான்கிரீட், வலிமைத் தரம் குறைந்தது எம்35. ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் 75 மி.மீ., எம்40. தளத்தில், கம்பிக்கு அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை வைத்தால், அந்த எண்கள் காகிதத்தில்தான் இருக்கும்.

அறிகுறி: அதே இடம், மூன்றாவது முறை

மேலே சொன்னதெல்லாம் செய்தும் அதே நூறு மீட்டர் திரும்பத் திரும்பப் போனால், அங்கே சாலை இருக்கக்கூடாது. ஆந்திராவில் காக்கிநாடா–உப்பாடா கடற்கரைச் சாலையில் கல், கம்பிவலைப் பெட்டி, மணல் நிரப்பிய ஜியோ டியூப் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். பெரிய காற்றழுத்தத் தாழ்வு வந்தால் சாலை மறுபடி துண்டாகிறது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் ரயில் பாதையை வாரிக்கொண்டு போன பிறகு, அரை நூற்றாண்டு கழித்து, 2017இல்தான் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது.

சாலையை உள்ளே நகர்த்தும் வாதத்துக்குக் கண்ணீர் போதாது, அளவு வேண்டும். இன்றே தொடங்கலாம். நூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டு, தார் விளிம்பிலிருந்து அடும்பங்கொடி முடியும் கோடு வரை தூரத்தை வருடம் இருமுறை அளந்து எழுதுங்கள்: வாடை தொடங்குவதற்கு முன் புரட்டாசியில் ஒருமுறை, கடல் அடங்கியபின் மாசியில் ஒருமுறை. மாசி அளவு குறைந்து புரட்டாசியில் மீண்டால் கரை மூச்சு விடுகிறது, விட்டுவிடலாம். ஒவ்வொரு புரட்டாசியும் முந்தையதை விடக் குறைந்துகொண்டே வந்தால், கடல் சாலையைத் தொடும் வருடத்தை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லலாம். நிலம் எடுக்கப் பல வருடம் ஆகும் என்பதால், அந்தக் கணக்கோடு கோப்பைத் தொடங்க வேண்டியது தொடும் வருடத்தில் இல்லை. கரை இன்னும் முப்பது மீட்டர் மிச்சம் இருக்கும்போதே.